சாமி என்றால் இருக்கவிடுவார்கள்

1

ஓசூரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். முதல் கேள்வி, "உங்க நேட்டிவ் எது?" என்பதுதான். கேட்கிறவருக்கும் நேட்டிவ் வேறு எங்கேயோதான் இருக்கும். பொங்கல் வந்தால் எங்கள் தெருவே காலியாகிவிடும். ஷிப்டு முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று ஆளாளுக்கு ஒரு பஸ் பிடிப்பார்கள். என் அப்பா ஓசூரில் வேலை பார்த்து, வீடு கட்டி, ஓசூரிலேயே இறந்தும் போனார். கடைசிவரை யார் கேட்டாலும் "சாத்தூர் பக்கம்" என்றுதான் சொன்னார்.

அந்தப் பழக்கம் இங்கேயும் என்னை விடவில்லை. அமெரிக்காவின் நடுவில், கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமாக நிற்கும் ஒரு கவுண்டியில் இருக்கிறேன். கவுண்டி என்றால் நம் தாலுகாவைவிடக் கொஞ்சம் பெரிது, மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். சம்பளம் வாங்கக் கூடாது, சும்மா உழைக்கலாம். அதனால் வாரத்தில் சில நாள் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் சும்மா உழைக்கிறேன். முதன்முதலில் இங்கே வந்து குடியேறிய குடும்பங்களை அவர்களுடைய வாரிசுகள் தேடி வருவார்கள். பழைய கிரயப் பத்திரம், கல்யாணப் பதிவு, அடக்கப் பதிவு என்று எடுத்து, யாருக்கு யார் அப்பா, யார் எங்கே போனார் என்று கோத்துக் கொடுக்க வேண்டும். படித்துக் கற்ற வேலை இல்லை. ஓசூர் அரசுப் பள்ளியில் நாலு கோடு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுதவைத்து விரல் முட்டியில் அடித்தார்களே, அது உதவியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இங்கே அந்த எழுத்து ஓடுவதில்லை. என் மகள் நிலாவுக்கும்தான்.

ஒருநாள் ஒரு விவசாயி, வயதானவர், தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடி வந்தார். நான் வாய் தவறி, "உங்க நேட்டிவ் எது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இதுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இங்கே யாரும் இல்லை."

காப்பகத்தின் பொறுப்பாளர் டோரத்தி, மேசைக்கு அந்தப் பக்கம் லேசாகச் செருமினார். விவசாயி போன பிறகு டோரத்தி சொன்னார்: "யாரும் இல்லைன்னு எழுதி வைக்கவும் முதல்ல ஒருத்தர் வரணும் இல்லையா?" டோரத்தி இப்படித்தான். அவர் சொல்வதை எல்லாம் மனதுக்குள் எடுத்துவைத்துக்கொள்வேன். அம்மா சொல்வதை எடுத்துவைத்துக்கொள்கிற மாதிரி.

2

இதை இப்போது எழுதக் காரணம் அம்மாவின் போன்தான்.

சானமாவு காட்டுக்கு இந்தப் பக்கம், ராயக்கோட்டை சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. தம்பி பெங்களூரில் லிப்ட் வைத்த பிளாட்டில் இருக்கிறான், வா என்று கூப்பிடுகிறான். வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவாகி, வாங்குகிறவரும் அமைந்துவிட்டார். இடித்துவிட்டு, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட நாலு மாடி கட்டப் போகிறாராம்.

"எல்லாம் சரிதான் தாயி. கல்லை எடுக்கணும்கிறான்" என்றாள் அம்மா.

"எந்தக் கல்லை?"

"எந்தக் கல்லைன்னு கேக்குறா பாரு. நம்ம சாமியத்தான். அந்த மூலையிலதான் தண்ணித் தொட்டி தோண்டணுமாம்."

எங்கள் மனையின் ஈசானிய மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் உண்டு. செதுக்காத கல். அப்பா மனை வாங்கியபோதே அங்கே நின்றது. அப்போதே அதில் பழைய மஞ்சள் ஒட்டியிருந்ததாம். தெற்கத்திக்காரர்களுக்கு மஞ்சள் பட்ட கல்லைக் கண்டால் அது சாமி, அவ்வளவுதான். என்ன சாமி என்று கேட்க அக்கம்பக்கத்தில் அன்றைக்கு ஆளும் இல்லை. அம்மா அதைத் 'தாயே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை பால், ஆடியில் பொங்கல், ஒரு டஜன் கண்ணாடி வளையல். எனக்கு முதல் முடி இறக்கியதும் அந்தக் கல்லின் முன்னால்தான்.

ஒரே ஒரு விஷயம் சின்ன வயதிலேயே எனக்குப் புரியாமல் இருந்தது. அம்மா அந்தக் கல்லுக்கு வாங்குவது எப்போதும் குழந்தை வளையல். அம்மனுக்கு எதற்கு இத்தனூண்டு வளையல் என்று வளையல்காரரே கேட்டிருக்கிறார். "பெரிசை எடுத்தா மனசு ஒப்ப மாட்டேங்குது" என்பாள்.

"எடுத்து ஒரு கோயில்ல வெச்சிரலாம்மா" என்றேன்.

"யாரு சாமின்னே தெரியாம எப்படி எடுக்கிறது? உடையவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? நீதான் ஊரான் வீட்டுப் பாட்டன் பூட்டனையெல்லாம் தேடிக் குடுக்குறியே, நம்ம கல்லுக்கு உடையவங்களத் தேடிக் குடு. அதுக்கப்புறம் கையெழுத்துப் போடுறேன். அதுவரைக்கும் அந்தாளு காத்துக்கிடக்கட்டும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கல் என் சமையலறையில் நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

3

வில்லங்கச் சான்று இப்போது கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பார்க்கலாம் என்றால், ஓடிபி வந்தால் பார்க்கலாம். அது அம்மாவின் போனுக்குப் போகும்.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

"இரு தாயி, கண்ணாடி எடுத்துட்டு வாறேன்."

கண்ணாடி வருவதற்குள் அது காலாவதி. மறுபடி அனுப்பு. "இதே நம்பர்தான் போன தடவையும் வந்துச்சா?" என்று ஆராய்ச்சி. அதற்குள் அதுவும் காலாவதி. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து படித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விற்றவர் பெயர் திரையில் வந்தது: முனிவெங்கடப்பா. அவருடைய அப்பா பெயர், ஊர்ப் பெயர். முடிந்தது. அந்தப் பக்கத்தில் இந்தப் பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டோரத்தியிடம் புலம்பினேன்.

"விற்றவன் போயிடுவான்மா. சாட்சி போட்டவன் அங்கேயேதான் இருப்பான். சாட்சியைப் பாரு" என்றார்.

இங்கே தினமும் நான் செய்கிற வேலைதான் அது. என் வீட்டு விஷயம் என்றதும் மறந்துவிட்டது. அம்மாவை பீரோவிலிருந்து மூலப் பத்திரத்தை எடுத்து போன் முன்னால் பிடிக்கச் சொன்னேன். சாட்சி: பாஷா, சைக்கிள் கடை.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட, நம்ம சைக்கிள் கடை பாய்! உனக்கு மூணு சக்கர வண்டி வாங்குன கடை. அந்த மனுசன் நம்ம பத்திரத்துக்குச் சாட்சின்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே. உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே."

மறுநாளே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். கடையிலிருந்தே எனக்கு வீடியோ போட்டாள். பாய் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணு சக்கர வண்டியா? அந்தப் பொண்ணா இது? ஒடம்புக்கு முடியாம ஒல்லிக்குச்சியாட்டம் கெடக்குமே! என்னாம்மா, அமெரிக்காவுல சைக்கிள் எல்லாம் ஓட்டுறாங்களா?"

"ஓட்டுறாங்க பாய். முனிவெங்கடப்பான்னு..."

"செத்துப் பூட்டாரும்மா. சம்சாரமும் போயிடுச்சி. பொண்ணு ஒண்ணு கீது, கெலமங்கலத்துல ரோஸ் தோட்டம் போட்டுக்கினு. ருக்கம்மான்னு பேரு. இரு, போன் போடறேன்."

போட்டார். கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் நலம் விசாரித்து, தமிழில் முடித்தார். "அந்தக் கல்லு" என்று அவர் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை வந்தது: "நானே வர்றேன்."

4

ருக்கம்மா வருவதற்கு முந்தைய சனிக்கிழமை, டோரத்தி என்னைக் காரில் ஒரு சோளக்காட்டுக்கு அழைத்துப் போனார். நிலாவும் வந்தாள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு.

கைத்தடி விவசாயியின் குடும்பத்தில் ஒரு குழப்பம். மார்த்தா என்று ஒரு மகளின் பிறப்பு. சில வருடங்கள் கழித்து மறுபடியும் மார்த்தா என்று இன்னொரு பிறப்பு. நான் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை அடித்துவிட இருந்தேன். டோரத்தி தடுத்தார். "ஒரே வீட்டில் ஒரே பெயர் ரெண்டு தடவை வந்தா, நடுவுல ஒரு சின்னக் கல்லறைக் கல் இருக்கும். போய்த் தேடணும்."

அந்தக் காலத்தில் இறந்தவர்களைச் சொந்த நிலத்திலேயே புதைத்திருக்கிறார்கள். நிலத்தை விற்றபோது, 'எங்கள் பிள்ளைகள் கிடக்கும் இடம் நீங்கலாக' என்று பத்திரத்தில் எழுதியும் இருக்கிறார்கள்.  ஆனால் அடுத்தடுத்து கைமாறிய பத்திரங்களில், எந்த இடத்தில் என்று தெரியவில்லை, அந்த வரி விழுந்துவிட்டிருக்கிறது. நாங்கள் போய் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. அறுத்த சோளத்தின் அடிக்கட்டை வரிசை வரிசையாக ஓடியது. ஓரத்துப் புதரில் உடைந்த கல்துண்டு ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் எழுத்து இருந்ததா, கலப்பை கீறியதா என்று சொல்ல முடியவில்லை.

"இங்கதானா?" என்றாள் நிலா, ஆங்கிலத்தில்.

"இங்கே எங்கேயோ" என்றார் டோரத்தி.

நிலா காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டு மாட்டவில்லை. எனக்கும் யார் மேல் மிதித்துவிட்டு வந்தோமோ என்று உள்ளங்கால் கூசிக்கொண்டே இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை ருக்கம்மா வந்தார். எங்களுக்கு அது சனி இரவு. அம்மா போனை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள். பாதிக் காட்சி நாற்காலிக் கைதான். ருக்கம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ரோஜா முள் கீறிய கைகள். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கல்லிடம் போய் உட்கார்ந்தார். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இந்த சைசு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. ஏன், தப்பா?" என்றாள் அம்மா. "உங்க குலதெய்வமா இது? எந்தச் சாமி?"

"சாமி இல்லம்மா. ருக்கம்மா."

"ருக்கம்மா நீங்கதானே?"

"அதுவும் ருக்கம்மாதான்."

அம்மா விழித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்கக்கா" என்றார் ருக்கம்மா. "மூணு வயசு. ராகி அறுக்கற நேரம், இங்கதான் கொட்டாயி போட்டுக் காவலு இருந்தாங்க. காய்ச்சல்ல வலிப்பு வந்துருச்சி. அப்பா தோள்ல போட்டுக்கினு கெளம்பினாரு. பாத்தா, சானமாவுலேர்ந்து எறங்கின ஆனைங்க ராகியில நிக்குது, பாதைய மறிச்சிக்கினு. கத்துனாங்க, தகரம் தட்டுனாங்க. விடிஞ்சப்பறந்தான் போச்சுங்க. அதுங்க போறதுக்குள்ள இவளும் போயிட்டா. நாங்க சொந்த நெலத்துலதான் பொதைப்போம். கல்லு நட்டு, வருசத்துக்கு ஒரு தரம் பால் ஊத்துவோம். மறு வருசம் நான் பொறந்தேன். அவ பேரயே வெச்சிட்டாங்க."

காட்சியில் அம்மாவின் முகம் தெரியவில்லை. முந்தானை மட்டும் தெரிந்தது. அது ஆடாமல் இருந்தது.

அம்மா கேட்டாள்: "உங்கம்மா... நெத்தியில பெரிய பச்சை குத்தியிருப்பாங்களா?"

"ஆமா."

"வந்தாங்க. நாங்க குடி வந்த புதுசுல. கேட்டுக்கிட்ட நின்னாங்க. கல்லைப் பார்த்துட்டுத் தேம்பித் தேம்பி அழுதாங்க, உடம்பெல்லாம் ஆடுச்சு. நான்..." முந்தானை காட்சியிலிருந்து மேலே போனது. "நான் சாமி வந்துருச்சுன்னு நினைச்சேன். ஓடிப் போய்த் துண்ணூறு பூசிவிட்டேன். இவளுக்கு அப்போ உடம்புக்கு முடியலை, டாக்டருங்க கைவிரிச்ச நேரம். இவளைக் கொண்டுபோய் அவங்க காலடியில போட்டு, எம்புள்ள பொழைக்குமா தாயேன்னு குறி கேட்டேன்."

ருக்கம்மா சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லும்மா இத. 'நான் எம்புள்ளைக்கு அழுவறேன், அந்தம்மா அதும்புள்ளைய என் கால்ல போடுது. நான் என்னா செய்யறது? பொழைக்கும், இங்க இருக்கறவ பாத்துக்குவான்னு சொல்லிப்புட்டு வந்தேன்'னும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அப்பா சொல்லலாம்னாரு. அம்மாதான் வேணான்னுச்சி. 'இர்லி பிடு, இருந்துட்டுப் போவட்டும். நம்ம வந்தா வருசத்துக்கு ஒரு நாள் பாலு. அந்தம்மா வாரா வாரம் ஊத்துது. பொணம்னு தெரிஞ்சா பயந்து தோண்டிப் போட்ருவாங்க. சாமின்னா இருக்கவுடுவாங்க.'"

நிலா எப்போது வந்து என் பின்னால் நின்றாள் என்று தெரியாது. எவ்வளவு புரிந்ததோ. "அப்போ பாட்டி இத்தனை வருஷமா ஒரு குட்டிப் பொண்ணையா கும்பிட்டாங்க?" என்று கேட்டாள். எப்போதும் சொல்கிற 'க்ரீப்பி' என்ற சொல்லை எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு. "அவ பேரை உனக்கும் வெச்சாங்களா?"

"இல்லை."

"ஆனா அவ இடத்துலதான் நீ வளர்ந்தே."



6

அன்றிரவு முழுவதும் தூங்கவில்லை. நாங்கள் காலி மனை என்று வந்தோம். அதற்கு முன்னாடி இங்கே யாரும் இல்லை என்றுதான் நினைத்தோம். அந்தக் கைத்தடிக் கிழவரிடம் எனக்கு என்ன கோபம்?

கல்லை ருக்கம்மா எடுத்துப் போய்த் தன் தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே இருக்கிறவளை என்ன செய்வது? அங்கே மண்வெட்டி இறங்கும். தொட்டியில் தண்ணீர் நிற்கும். நாலு மாடிக்கும் அதிலிருந்துதான் குடிக்கப் போகிறார்கள்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன்: "பத்திரத்துல எழுதிரலாம்மா. அந்த மூலை நீங்கலாகன்னு. இங்கேயெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"எழுதினா இருந்துச்சா?"

அம்மாவுக்கு நான் சோளக்காட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். "இல்லை" என்றேன்.

"பின்னே?" என்றாள். "எனக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு. ருக்குகிட்டயும் பேசிட்டேன். அதும் சரின்னுருச்சு." முந்தின நாள்வரை 'நீங்க' என்று பேசிய பெண் இப்போது ருக்கு ஆகியிருந்தார்.

வாங்குகிறவரை வீட்டுக்கு வரவழைத்தாள். என்னையும் வீடியோவில் வைத்துக்கொண்டாள். அந்த மனிதர் வரும்போதே, "என்னங்கம்மா, கல்லை எப்ப எடுக்கறீங்க? வாஸ்துப்படி ஈசானியத்துலதான் தண்ணி வரணும்" என்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு நேரம் ஆகும். நடந்து போய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். என் அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்டால்கூட இல்லை என்று பொய் சொல்ல மாட்டாள்.

"ஈசானியம் சாமி மூலையும்தானே தம்பி? இவ சாதாரணப்பட்டவ இல்லை. துடியான தெய்வம். எம்புள்ளைய டாக்டருங்க கைவிட்டப்போ குறி சொல்லிக் காப்பாத்திக் குடுத்தவ. இந்தா, அமெரிக்காவுல உக்காந்திருக்கா பாரு, கேளு."

அவர் போனைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றேன். "நான் சாகக் கிடந்தவ."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"இவ மேல மம்பட்டி விழுந்தா அப்புறம் கட்டடம் நிக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை" என்றாள் அம்மா. "தொட்டியை அந்தப் பக்கம் தள்ளிக்க. இவளுக்கு மேல ஒரு சின்ன கூரை போட்டுரு. வாடகைக்கு வர்ற புள்ளைக எங்கெங்கிருந்தோ தாய் தகப்பனை விட்டுட்டு வருவாக. கும்பிட்டுக்கட்டும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அதைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்படிங்களா. எனக்குத் தெரியாதுங்கம்மா. என்னென்ன செய்யணும்னு சொல்லிருங்க."

"வெள்ளிக்கிழமை பால். ஆடியில பொங்கல். கெலமங்கலத்துலேர்ந்து ஒரு அம்மா வருசா வருசம் வரும், அதைத் தடுக்கக் கூடாது. அழுதா அழட்டும், ஒண்ணும் கேக்கக் கூடாது."

"சரிங்க."

"வளையல் வாங்குறப்போ பெரிசு வாங்கிராத. இருக்கறதுலயே சின்னதா எடு."

"அம்மனுக்குச் சின்னதா? ஏங்கம்மா?"

அம்மா குனிந்தாள். அந்த முழங்காலோடு எப்படிக் குனிந்தாளோ. கல்லின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

"அவ கை அவ்வளவுதான்யா" என்றாள்.